‘டைனமிக்’ என்று எதைச் சொல்கிறோம்?

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கரட்டுக்குக் காலையில் ஒரு விலை. நுவரெலியா லொறிகள் நாலைந்து ஒன்றாய் வந்து நின்றுவிட்டால் மத்தியானத்துக்குள் இன்னொரு விலை. அங்கிருந்து தென்கிழக்கே, மலைகளுக்கு நடுவே, மொரகஹகந்த நீர்த்தேக்கம் அசைவில்லாமல் கிடக்கிறது. இவ்விரண்டில் ‘டைனமிக்’ எது? இன்றைய ஆங்கிலத்தில் புழங்குகிறவர் யோசிக்காமல் சந்தையைக் காட்டுவார். பழைய கிரேக்கம் தெரிந்தவர் நீர்த்தேக்கத்தைக் காட்டக்கூடும். இரண்டு பேரையும் பிழை என்று சொல்ல ஏலாது.

அகராதி எழுதுகிறவர்களின் தலைவலி என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. இயற்பியல் பாடநூலிலும் கணினி வகுப்பிலும் மின்சார சபை அறிக்கையிலும் வேலைவாய்ப்பு விளம்பரத்திலும் அந்தச் சொல் வருகிறது. இடம் எதுவானாலும் மொழிபெயர்க்கிறவர் ‘இயக்கவியல்’ என்பதையோ ‘இயங்குநிலை’ என்பதையோ எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். வாசிக்கிறவருக்கு எது இயங்குகிறது, எதனால் இயங்குகிறது என்று ஒன்றும் பிடிபடுவதில்லை. ஆங்கிலச் சொல்லுக்குள் வலு, மாற்றம் என்ற இரண்டும் முறுக்கிக் கிடக்கின்றன. தமிழில் அவை தனித்தனியே நிற்கின்றன. அப்படி நிற்பது நமக்குக் குறை அல்ல, வசதி. அந்த வசதியை நாம் எங்கெங்கே கைவிட்டோம், எங்கெங்கே காப்பாற்றினோம் என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

மூலத்திலிருந்து தொடங்கலாம். கிரேக்கத்தில் ‘தூனமிஸ்’ என்றால் இயலுமை. ‘என்னால் முடியும்’ என்ற வினையின் பெயர் வடிவம் அது. அரிஸ்டோட்டில் அதை ஒரு தத்துவக் கருவியாக்கினார். வீடு கட்டத் தெரிந்த ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறான். அப்போது அவனிடம் இருப்பது தூனமிஸ். அவன் கட்டத் தொடங்கியதும் நிகழ்வது ‘எனர்கெயா’. முன்னதிலிருந்து டைனமிக் வந்தது, பின்னதிலிருந்து எனர்ஜி வந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் வழியில் இடம் மாறிக்கொண்டன. இன்றைக்கு எனர்ஜி என்பது தேங்கியும் இருக்கக்கூடியது. பற்றரிக்குள், எண்ணெய்க்குள், அணைக்குப் பின்னால். டைனமிக் என்பதோ ஓடிக்கொண்டே இருப்பது. அரிஸ்டோட்டில் எழுந்து வந்தால் இரண்டு பெயர்ப்பலகைகளையும் கழற்றி மாற்றி மாட்டச் சொல்லுவார்.

இந்த இடமாற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. லைப்னிட்ஸ் 1690களில் விசையைப் பற்றிய தம் ஆராய்ச்சிக்கு அந்தக் கிரேக்கச் சொல்லை எடுத்துப் பெயர் வைத்தார். டலம்பேர் 1743இல் தம் நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். அதற்குள் பொருள் மெல்ல நகர்ந்து, பொருள்களை அசைக்கும் விசையும் அந்த அசைவும் சேர்ந்த படிப்பு என்று ஆகிவிட்டது. எனர்ஜியை இன்றைய பொருளுக்குக் கிட்டக் கொண்டுவந்தவர் தோமஸ் யங். அவருடைய விரிவுரைகள் 1807இல் அச்சாயின. தேங்கி நிற்கும் சக்திக்கு இன்று பௌதிகத்தில் வழங்கும் ‘பொட்டென்ஷல் எனர்ஜி’ என்ற பெயரை ராங்கின் 1853இல் வைத்தபோது, அரிஸ்டோட்டிலின் இயலுமை மறுபடியும் உள்ளே வந்தது. ஆனால் டைனமிக் வாசலால் அல்ல, எனர்ஜி வாசலால்.

இனித் தமிழ்ப் பக்கம். கிரேக்கத் தூனமிஸைத் தமிழ் முதலில் சந்தித்தது விஞ்ஞானத்தில் அல்ல, விவிலியத்தில். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கித் தரங்கம்பாடியில் 1714–15இல் அச்சிட்ட நாளிலிருந்து, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரும் அதே கேள்வியைத்தான் சந்தித்திருப்பார்கள். தேவாலயங்களில் இன்று வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அது ‘வல்லமை’ என்றும் ‘பெலன்’ என்றும் வருகிறது. அசைவோ மாற்றமோ அங்கே தலைகாட்டவில்லை. மூலம் சொன்ன பொருளைத் தமிழ் நேராகப் பிடித்துக்கொண்டது.

விஞ்ஞானம் வந்ததும் கதை மாறியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டு 1875இல் வெளியிட்டார். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு வளைத்துக்கொண்டால் போதும் என்பது அந்தத் தலைப்பு காட்டும் வழி. அறுபது ஆண்டு கழித்து, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் கூட்டிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் துறவியாகுமுன் விஞ்ஞானப் பட்டதாரி, இரசாயன ஆசிரியர். தமிழ் வேரிலிருந்து சொல் முளைக்கட்டும் என்ற வழி அப்போது வலுப்பட்டது. பிறகு 1950களில் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் தனக்கென்று சொற்றொகுதிகளை வெளியிடத் தொடங்க, பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் ஒரே மொழியில் இரண்டு பௌதிகங்கள் உண்டாயின.

மாத்தளையில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று சென்னையில் அச்சான வழிகாட்டி நூலை வாங்கிப் பார்த்தால் இது உடனே தெரியும். நமக்குச் சக்தி, அங்கே ஆற்றல். நமக்கு வலு, அங்கே திறன். நமக்கு ஆர்முடுகல், அங்கே முடுக்கம். நமக்குச் சடத்துவம், அங்கே நிலைமம். இவை வெறும் பெயர் வேற்றுமை, ஒருநாளில் பழகிவிடலாம். பொல்லாதவை வேறு சில. நாம் வேகம் என்பது திசையையும் சேர்த்து. அங்கே அதற்குத் திசைவேகம் என்று பெயர், வெறும் வேகம் என்றால் நம் கதி. நாம் அமுக்கம் என்பதை அங்கே அழுத்தம் என்பார்கள். ஆகவே நம்முடைய ‘அழுத்த சக்தி’யைச் சென்னைப் பிள்ளை வாசித்தால், உயரத்தில் தேங்கிய நீரை நினைக்காமல் குழாய்க்குள் நெருக்கப்பட்ட காற்றை நினைக்கும். இவற்றையெல்லாம்விட நம் கேள்விக்கு நெருங்கியது ஒன்று உண்டு. இங்கே பிரயோக கணிதத்தில் இயக்கவியல் என்றால் டைனமிக்ஸ்: விசையும் அசைவும் சேர்ந்தது, நிலையியலுக்கு எதிர்ப்பக்கம். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘இயக்கவியல்’ என்ற அலகு கினமாட்டிக்ஸ். விசையைப் பற்றிப் பேசாமல், எங்கே இருந்தது, எங்கே போனது, எவ்வளவு நேரத்தில் போனது என்று மட்டும் கணக்குப் பார்க்கும் படிப்பு அது. ஒரே தமிழ்ச்சொல், ஒரு கரையில் வலுவை உள்ளே வைத்திருக்கிறது, மறு கரையில் வெளியே விட்டுவிட்டது.

என்னைக் கேட்டால், ‘இயக்கவியல்’ இரண்டு வேலையும் செய்யத் தடுமாறுவதற்குக் காரணம் அதன் வேரிலேயே இருக்கிறது. பழந்தமிழில் இயல்தல் என்றால் நடத்தலும் கூடுதலும். மயிலின் நடை அதன் இயல், என்னால் முடிவதும் எனக்கு இயல்வது. இயங்கு அதன் உறவு. இலங்கைப் பேச்சில் நாளுக்கு நூறு தடவை வரும் ‘ஏலும்’, ‘ஏலாது’ இரண்டும் அந்த இயலுமையின் வழியே வந்தவை. கிரேக்கத் தூனமிஸுக்கு உலகில் சரியான சகோதரம் தேடினால் நம்முடைய ஏலும்தான். ஆனால் அந்தப் பக்கம் பேச்சுக்குப் போய்விட்டது. இயக்கம் என்ற வடிவம் அசைவுக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது. சக்தியும் அப்படித்தான், வடமொழியில் ‘முடியும்’ என்ற வேரிலிருந்து வந்தது. வலு மட்டும் வேறு வழி: உரம், பலம். ‘அவன் வலு கெட்டிக்காரன்’ என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது அது வெறும் ‘மிகவும்’ ஆகிவிடுகிறது. பௌதிகத்தில் சக்தி வேறு, வலு வேறு என்று மதிப்பெண் வெட்டிச் சொல்லிக்கொடுக்கும் நாட்டிலே, ‘வலுசக்தி அமைச்சு’ என்று இரண்டையும் சேர்த்துத் தைத்த பெயரில் ஓர் அமைச்சு இருப்பது தனி வேடிக்கை.

சொல்லை விட்டுவிட்டு நீரைப் பார்ப்போம். பொருள் அங்கேதான் தெளிகிறது. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, சுரங்கம் வழியாக வடக்கே திருப்பும் வேலை 1976இல் முடிந்தது. அந்த நீர் உக்குவெல மின்நிலையத்தைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, நாவுலப் பக்கம் போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி 40 மெகாவொட் மின்நிலையத்துக்குள் இறங்கி மீண்டும் அம்பன் கங்கைக்கே போகும். மற்றது சுரங்கத்துக்குள் புகுந்து தம்புள்ளைப் பக்கம் கண்டலமவுக்கும் அதற்கப்பால் கலாவெவவுக்கும் போகும்; அந்த வழியில் மின்சாரம் இல்லை, வயலும் தோட்டமும் உண்டு. கீழே அம்பன் கங்கையில் மொரகஹகந்த 2017 ஜனவரியில் நிரப்பத் தொடங்கப்பட்டது. அதன் மின்நிலையம் 25 மெகாவொட்.

ஒரு கன மீற்றர் நீர், அதாவது ஆயிரம் லீற்றர், 50 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கக்கூடிய சக்தி 4 லட்சத்து 90 ஆயிரம் யூல். மின்கட்டணப் பட்டியல் கணக்கில் அது 0.136 அலகு. அந்த ஆயிரம் லீற்றர் முழுவதும் இறங்கினாலும் ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை ஒரு நாள் ஓட்டக் காணாது. அவ்வளவு சின்னது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அணை பிடித்து வைத்திருப்பது கோடிக்கணக்கான கன மீற்றர். அது அசையாமல் கிடக்கிறவரை அதிலே ஒரு வேலையும் நடக்கவில்லை. கதவு திறந்ததும் எல்லாம் நடக்கும். அரிஸ்டோட்டிலின் தூனமிஸ் இதுதான். மகாவலி நீரைப் பொல்கொல்லவில் எவ்வளவு வடக்கே திருப்புவது என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு தடவையும் கீழே 210 மெகாவொட் விக்டோரியாவும் அதன் தொடரில் உள்ள மற்ற மின்நிலையங்களும் அவ்வளவு நீரை இழக்கின்றன. தம்புள்ளை வெங்காயப் பாத்திக்கு வந்த நீர் எங்கோ ஒரு மின்குமிழில் எரியாமல் போன நீர். தூனமிஸ் என்ற சொல்லுக்கு இங்கே ‘மாற்றம்’ என்று பொருள் சொன்னால் விசயமே கெட்டுவிடும். மாறாமல் நிற்பதால்தான் அதற்கு விலை.

இந்தப் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கும் இரண்டு சொற்களைத் தமிழ் மொழிபெயர்க்காமலே ஏற்றுக்கொண்டது. இரண்டும் 1867இல் உலகுக்கு வந்தவை. அந்த ஜனவரியில் வேர்னர் சீமென்ஸின் ‘டைனமோ’ பேர்லின் கல்விக்கழகத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அல்பிரட் நோபல் ‘டைனமைட்’டுக்கு உரிமம் எடுத்தார். டைனமைட் நம் பக்கம் கல்லுடைப்புக்கும் வந்தது, சட்டத்துக்குப் புறம்பாகத் திருகோணமலைக் கடலுக்கும் வந்தது. தம்புள்ளைச் சந்தியில் கண்டி–யாழ்ப்பாண வீதியைத் திருகோணமலை வீதி வெட்டுகிறது. அந்த வழியால் வரும் மீனைத் தட்டிப் பார்த்து, முள் உடைந்திருந்தால் ‘டைனமைட் அடித்த மீன்’ என்று ஒதுக்கிவிடும் ஆட்கள் உண்டு. சொல் அவ்வளவு ஊறிவிட்டது.

டைனமோவின் கதை இன்னும் நெருங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. வானொலி கேட்காமல் இருக்கவும் முடியாது. எந்தப் பக்கம் ஷெல் விழுந்தது, எந்தக் கப்பல் வருகிறது என்பதெல்லாம் அதிலேதான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து இருக்கையிலும் கைபிடியிலும் நிறுத்துவார்கள். பின்சில்லோடு டைனமோ உரசும்படி சாய்த்துவிட்டு ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். இரண்டு வயர் வானொலிப் பெட்டிக்குப் போகும். பி.பி.சி. தமிழோசை நேரத்துக்கு வீட்டில் பெடல் சுற்ற முறை வைத்திருந்தார்கள். கை களைத்தால் குரல் தேய்ந்து போகும். செய்தி முக்கியமான இடத்தில் தேய்ந்தால் சுற்றுகிறவருக்கு ஏச்சு விழும். மின்னழுத்தம் சுழலும் வேகத்தோடு ஏறி இறங்கும் என்ற பாடத்தைப் புத்தகம் இல்லாமல் ஒரு தலைமுறை படித்தது. கறாராகப் பார்த்தால் சைக்கிளில் இருப்பது சீமென்ஸ் சொன்ன டைனமோவே அல்ல. நிலைக்காந்தம் சுழன்று ஆடலோட்ட மின்னைத் தரும் சின்னப் பிறப்பாக்கி அது. பெயர் பிழை, ஆனால் மாற்றத் தேவையில்லை. ‘மின்பிறப்பாக்கியை உரசவிடு’ என்று யாரும் சொல்லப்போவதில்லை.

சந்தைக்கு வருவோம். 1999இல் தொடங்கிய தம்புள்ளை நிலையத்தின் மொத்த விலையை ஹெக்டர் கொப்பேகடுவ நிறுவகமும் மத்திய வங்கியும் நாளாந்தம் வெளியிடுகின்றன. மலைநாட்டுக் கரட்டும் லீக்ஸும், வடக்கின் பீட்ரூட்டும், சுற்றுவட்டாரத்துப் பெரிய வெங்காயமும் இங்கே ஒரே கூரையின் கீழ் வந்து இறங்கி, நாட்டாமிமாரின் தோளேறி, வேறு லொறிகளில் நாடு முழுக்கப் போகின்றன. 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் 2,000 ரூபாயைத் தொட்டது. சில மாதத்தில் அதே கரட் அதில் ஒரு சின்னப் பங்குக்கு விழுந்தது. இந்த ஆட்டத்தைப் பத்திரிகைகள் டைனமிக் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை.

பொருளியலில் அந்தச் சொல்லுக்குக் கறாரான வரையறை ஒன்று உண்டு. நோர்வேக்காரர் ராக்னர் பிரிஷ் வகுத்தது: இன்றைய அளவை நேற்றைய அளவோடோ நாளைய அளவோடோ பிணைத்துச் சொல்லும் கோட்பாடுதான் டைனமிக், வெறுமனே மாறுவது அல்ல. 1969இல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசை அவரும் டின்பேர்கனும் இப்படிப்பட்ட மாதிரிகளுக்காகவே பெற்றார்கள். அந்த அளவுகோலால் பார்த்தால், லொறி வந்ததும் காலை விலை மத்தியானம் இறங்குவது நிரம்பலும் கேள்வியும் சேர்ந்து ஆடும் சாதாரண ஆட்டம். டைனமிக் என்பது வேறிடத்தில் நடக்கிறது. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து விவசாயி போன சிறுபோகத்தில் வெங்காயம் நல்ல விலைக்குப் போனதைப் பார்த்து இந்தச் சிறுபோகத்தில் இரண்டு மடங்கு நடுகிறார். எல்லாரும் அப்படியே நடுகிறார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வர, விலை விழுகிறது. அடுத்த போகம் பலர் கைவிட, விலை ஏறுகிறது. இன்றைய விலைக்குள் போன போகத்து விலை ஒளிந்திருக்கிறது. விலையையும் அளவையும் வரைந்தால் கோடு சிலந்திவலைபோல உள்நோக்கியோ வெளிநோக்கியோ சுற்றும். நிரம்பல் விலைக்குக் கூடுதலாக அசைந்து, கேள்வி குறைவாக அசைந்தால் வலை விரிந்துகொண்டே போகும், ஆட்டம் அடங்காது. 1934இல் இதற்குச் ‘சிலந்திவலை’ என்று பெயர் வைத்தவர் நிக்கலஸ் கால்டர். 1958இல் இலங்கைக்கு வந்து செலவின வரி பற்றி அரசுக்கு ஆலோசனை சொன்ன அதே கால்டர்தான்.

இந்த வலைக்குள் வெளியிலிருந்து கை வைப்பவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடுத்ததும் இங்கே விலை எகிறியது. இறக்குமதி வரியை அரசு கூட்டிக் குறைப்பதும் அப்படித்தான். இவற்றை வேறாகவும் போகத்துக்குப் போகம் உள்ளேயே சுழலும் ஆட்டத்தை வேறாகவும் பார்க்காவிட்டால் நிவாரணம் எப்போதும் பிழையான இடத்துக்கே போகும். இலங்கைப் பத்திரிகைத் தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: விலைத் தளம்பல். பாத்திரத்து நீர் தளம்புவதுபோல, தட்டிய கை எடுத்த பின்னும் அது கொஞ்ச நேரம் ஆடும். ‘இயக்கவியல் விலை’ என்று எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைப் புறக்கணிப்பது எனக்குப் புரியாத விசயம். வாடகைக் கார்ச் செயலிகள் மழை நேரத்தில் கூட்டிக் கேட்பது வேறு. அதைக் கேள்விக்கேற்ற விலை என்று சொல்லிவிட்டுப் போகலாம். 2025 ஏப்ரலில் இந்திய உதவியோடு தம்புள்ளையில் 5,000 தொன் கொள்ளும் வெப்பக்கட்டுப்பாட்டுக் களஞ்சியம் திறக்கப்பட்டது. விளைச்சலைத் தேக்கி வைத்துப் பிறகு விடுவது அதன் வேலை. தளம்பலை அடக்க வழி தேக்கம் என்பது நீருக்கும் வெங்காயத்துக்கும் பொது.

கணினிக்காரர் கையில் இந்தச் சொல் பட்ட பாடு சொல்லி மாளாது. பலதைச் சுருக்கி ஒன்றை மட்டும் கிட்டப் பார்ப்போம். கைத்தொலைபேசி நினைவகத்தில் உள்ள டைனமிக் என்ற அடைமொழி புகழ்ச்சி அல்ல, குறை. ஐ.பி.எம். நிறுவனத்தின் றொபேர்ட் டெனார்ட் 1966இல் கண்ட அந்த வழியில், ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் ஒரு நுண்ணிய கொள்ளளவியில் மின்னேற்றமாக இருக்கும். அது கசியும். ஆகவே 64 மில்லிசெக்கனுக்குள் ஒருதரம் வாசித்துத் திரும்ப எழுதாவிட்டால் மறந்துபோகும். இங்கே டைனமிக் என்றால் தானாக நிற்காதது, ஓயாமல் புதுப்பிக்க வேண்டியது. இதற்கு ‘இயங்குநிலை நினைவகம்’ என்று எழுதினால் ஏதோ கூடுதல் சுறுசுறுப்பு உள்ளதுபோலத் தோன்றுகிறது. ‘புதுப்பிப்பு நினைவகம்’ என்றால் பிள்ளைக்கு விசயம் விளங்கும். இணையப்பக்கத்தில் வரும்போதோ அது வெறும் ‘மாறும்’. கேட்கிறவருக்கு ஏற்ப அப்போதைக்கு அப்போது ஆக்கப்படும் பக்கம். அங்கே விசையும் இல்லை, வலுவும் இல்லை.

புகழ்ச்சி எப்போது ஏறிக்கொண்டது என்பதற்குக் கணிதக்காரர் ரிச்சர்ட் பெல்மனின் வாக்குமூலமே சாட்சி. 1950 அளவில் அமெரிக்காவில் தம் புதிய கணித முறைக்குப் பெயர் தேடியபோது, ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழும் பாதுகாப்புச் செயலாளர் ஒருவருக்குப் பயந்து ‘டைனமிக்’ என்பதைத் தேர்ந்தாராம். அந்தச் சொல்லை இழிவான பொருளில் யாராலும் பயன்படுத்த முடியாது என்பது அவர் கணிப்பு. தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எழுபது ஆண்டு கழிந்தும் அவர் கணிப்புப் பொய்க்கவில்லை. ஞாயிறு பத்திரிகை விளம்பரத்தில் ‘டைனமிக் இளைஞர்கள் தேவை’ என்பதைத் ‘துடிப்பான இளைஞர்கள் தேவை’ என்று தமிழாக்குகிறார்கள். மொழியாக்கம் சரிதான், ஆனால் சம்பளமும் வேலை நேரமும் எழுதாத விளம்பரத்தில்தான் துடிப்பு கூடுதலாக இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். அரசியல்வாதிக்கு முன்னால் அந்த அடைமொழி வந்தால், அவர் எதை அசைத்தார், எதை மாற்றினார் என்று அடுத்த வரியில் இருக்கிறதா என்று தேடுவது நல்ல பழக்கம்.

கடைசியாக மின்வலையமைப்பு. இங்கே அந்தச் சொல் புகழ்ச்சியும் இல்லை, அலங்காரமும் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது என்று வலுசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். ஊர் முழுக்கச் சிரித்தது. சிரிக்க வேண்டிய இடம் குரங்கு அல்ல. குரங்கு பாம்பு மரக்கிளை எல்லாம் என்றைக்கும் இருப்பவை. ஒரு தட்டு பட்டால் வலையமைப்பு ஆடி அடங்க வேண்டும், விழக்கூடாது. அந்த அடங்கும் தன்மையைத்தான் பொறியியலாளர்கள் டைனமிக் உறுதிநிலை என்கிறார்கள். போவத்தென்னவிலும் விக்டோரியாவிலும் சுழலும் கனத்த சுழலிகளுக்குச் சடத்துவம் உண்டு. ஓரிடத்தில் திடீரென்று மின் குறைந்தால், சுழன்றுகொண்டிருக்கும் அந்தப் பாரமே ஒருசில செக்கனுக்குத் தன் சக்தியைக் கொடுத்து 50 ஹேர்ட்ஸ் சரியாமல் தாங்கும். கூரைச் சூரியத் தகடுகளில் சுழல்வது ஒன்றும் இல்லை. வெயில் நல்ல ஞாயிற்றுக்கிழமை: தொழிற்சாலைகள் மூடி, பாவனை குறைவு, தகடுகளின் பங்கு கூடுதல், சுழலும் பாரம் குறைவு. தட்டு பட்டபோது தாங்க ஆள் இல்லை.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இலவசமாக வரும் மின்சாரத்தை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். அறிவித்தலில் ‘இயக்கவியல் உறுதிநிலை’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. அதிர்ச்சி பட்டால் ஆடி அடங்கும் வலு நாட்டு மின்வலையில் அந்த நாட்களில் போதாது, சுழலும் சுழலிகளுக்கு இடம் விட வேண்டியிருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லியிருந்தால் கோபம் இருந்தாலும் கேள்வியாவது சரியாக எழுந்திருக்கும்: மழைக்காலத்தில் மொரகஹகந்த நிரம்பி இருக்கும்போது போவத்தென்னவின் சுழலிகளை எத்தனை மணிநேரம் சுழலவிடுவது, அப்போது கண்டலமவுக்குத் திருப்பும் நீரில் எவ்வளவு குறையும்.